கரண்டியில் ஐந்து சுற்று

மெர்கல்சுண்டில் துணி காயப்போடுகிறவர்கள் முதலில் சிமெண்ட் ஆலையின் புகைபோக்கியைத்தான் பார்ப்பார்கள். மேற்குக் காற்று என்றால் புகை ஃபியோர்டின் கடல்நீர் மேல் போய்விடும், துணி பிழைத்தது. கிழக்குக் காற்று என்றால் வெள்ளைச் சட்டை சாம்பல் சட்டையாகிவிடும். பனியும் சேர்ந்துகொண்டால் மறுநாள் மடிக்கும்போது மொறுமொறுவென்று சத்தம் கேட்கும். கடையில் பாட்டில் பாட்டிலாக வினிகர் விற்பதைப் பார்த்து ஊறுகாய்ப் பிரியர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பாதி ஜன்னல் கண்ணாடி துடைக்கப் போகும், மீதி காருக்கு. இதைக் குறையாக யாரும் சொன்னதில்லை. ஊரில் மூன்றில் இரண்டு வீட்டுக்கு அந்தத் தூசிதான் ரொட்டி போட்டது.

ஆஸ்தாவின் வீட்டில் அது இரண்டு பேருக்குப் போட்டது. புருஷன் வெர்னர் சிமெண்ட் அரைக்கிற மூன்றாம் நம்பர் மில்லை ஓட்டுகிறவன். ஆஸ்தா ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பதம் பார்க்கிறவள். இருபத்திரண்டு வருடமாக அதே மேஜை, அதே ஜன்னல். பிள்ளை குட்டி இல்லை.

பதம் பார்ப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஐந்நூறு கிராம் சிமெண்டை நிறுத்து, தண்ணீரை அளந்து ஊற்றி, கலக்கும் இயந்திரத்தில் விட்டால் மூன்று நிமிடத்தில் கூழ் தயார். கண்ணாடித் தட்டின் மேல் நாற்பது மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு வளையம் இருக்கும். கூழை அதில் நிரப்பி, மேலே மட்டமாக வழித்து, ஊசிக்கு அடியில் வைக்க வேண்டும். ஊசி என்று எங்கள் ஊரில் சொல்கிறார்களே தவிர அது விரல் தடிமனில் ஒரு கம்பி, முந்நூறு கிராம் எடை. அதைக் கூழின் மேல் தொடவைத்து, ஒரு மூச்சு பொறுத்து, விட்டுவிடுவார்கள். தன் பாரத்தில் இறங்கி எங்கேயாவது நிற்கும். அடித்தட்டுக்கு மேலே ஆறு மில்லிமீட்டரில் நின்றால் பதம் சரி. மேலேயே நின்றுவிட்டால் கூழ் இறுகல், கீழே தட்டைத் தொட்டுவிட்டால் தளர்ச்சி. தண்ணீரைக் கூட்டியோ குறைத்தோ மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

மற்றவர்களுக்கு மூன்று தடவை, நான்கு தடவை ஆகும். ஆஸ்தாவுக்கு மறுபடி என்பதே கிடையாது. முதல் தடவையிலேயே ஆறு. தலைமை வேதியியலாளர் தோர்சாகர் ஒரு முறை அவள் தாளைப் பார்த்துவிட்டு "மோசமில்ல" என்றார். எங்கள் ஜட்லாந்துப் பக்கத்து ஆள் வாயிலிருந்து பாராட்டாக அதற்கு மேல் வராது. அன்று ஆய்வுக்கூடமே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. இயந்திரம் நின்றதும் கிண்ணத்தின் ஓரத்தை வழித்துவிட்டு, கூழைக் கரண்டியால் ஐந்து சுற்று சுற்றிவிட்டுத்தான் வளையத்தில் போடுவாள். விதிப் புத்தகத்தில் அந்த ஐந்து சுற்று இல்லை. இயந்திரம் நின்ற கையோடு நிரப்பு என்றுதான் இருக்கிறது. அவளுக்கு யாரும் அதைச் சொல்லித்தரவும் இல்லை. குழம்பு வைக்கிறவள் அடுப்பை அணைத்த பிறகும் ஒரு கிண்டு கிண்டுவாளே, அந்த மாதிரிதான். அவள் கை அதைச் செய்துகொண்டிருந்தது அவளுக்கே ஞாபகம் இருந்திருக்காது.

அந்த வருடம் மார்ச் மாதம் இரண்டாம் வாரம், ஃபியோர்டின் அக்கரையில் புதுத் துறைமுகச் சுவர் கட்டுகிற இடத்தில் கான்கிரீட் பம்ப்பின் குழாய் அடைத்துக்கொண்டது. அழுத்தத்தைக் கூட்டினார்கள். இணைப்பு கழன்று குழாய் நுனி வீசி அடித்ததில் ப்ரேபன் என்ற இருபத்து நாலு வயதுக்காரன் நின்ற இடத்திலேயே செத்துப்போனான். அழுத்தத்தைக் கூட்டச் சொன்னது மேஸ்திரி ஹோல்கர். ஹோல்கர் ஆஸ்தாவின் தம்பி.

அடக்கம் முடிந்த அன்று ஹோல்கர் அக்கா வீட்டுக்கு வந்தான், பிறகு திரும்பிப் போகவில்லை. பெண்டாட்டி பிரிந்து போய் ஆறு வருடம் ஆகிறது. அக்கரையில் தன் வீட்டுக்குப் போனால் சுவர்தான் இருக்கிறது என்றான். மாடி அறையில் கட்டில் போட்டுக் கொடுத்தாள். காலையில் இறங்கி வந்து சமையலறை ஜன்னலோரம் உட்காருவான். காப்பி ஆறிப்போகும். வேறு வைப்பாள். அதுவும் ஆறும். ஆஸ்தாவுக்கு அழுகை வரவில்லை. அடக்கத்திலும் வரவில்லை. தனக்கு என்னவோ மரத்துப்போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் அதற்கும் கவலைப்பட வரவில்லை.

அவன் வந்த பதினோராம் நாள் சனிக்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்கு மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வேகவைத்த உருளைக்கிழங்கு, பன்றி வறுவல், பழுப்புக் குழம்பு, பீட்ரூட் ஊறுகாய்.

"உருளைக்கிழங்கு எடுத்துக்கடா" என்றாள் ஆஸ்தா.

"எடுத்தாச்சு."

"ஒண்ணுதான இருக்கு."

"ஒண்ணு போதும்க்கா."

வெர்னர் தன் கிழங்கைக் கத்தியால் நறுக்கிக்கொண்டே, "வெளிய கொஞ்சம் நடந்துட்டு வரலாம்ல நீ. துறை வரைக்கும்" என்றான்.

"துறைக்குப் போனா அக்கரை தெரியுது."

ஹோல்கர் முட்கரண்டியால் கிழங்கை இப்படியும் அப்படியும் உருட்டினான்.

"இன்னிக்கி எங்க கட்டட கம்பெனியிலேர்ந்து போன் பண்ணாங்க" என்றான். "ஆலையிலேர்ந்து காயிதம் வந்திருக்காம். சிமெண்ட்டுல ஒரு குறையும் இல்லியாம். தேதி வாரியா தாளு வச்சிருக்காங்களாம். எல்லாத்துலயும் உன் கையெழுத்துதான்க்கா."

"நான்தான அங்க இருக்கேன்."

"உன்னச் சொல்லல. இருக்கறத சொல்றேன். சிமெண்ட் சரின்னா அப்புறம் யாரு? நான்தான். கேஸ் வரும்னு யூனியன்காரன் சொல்றான். உள்ள போடக்கூட போடலாமாம்."

"அவன் சொல்லுவான். அவனுக்கு வாய் மட்டுந்தான் வேலை செய்யும்" என்றான் வெர்னர்.

"இல்ல வெர்னர், சரியாத்தான் சொல்றான். கூட்டுன்னு நான்தான சொன்னேன். என் வாயாலதான சொன்னேன்." ஹோல்கர் முட்கரண்டியைக் கீழே வைத்தான். "ஆனா அந்த வாரமே கான்கிரீட்டு ஒரு தினுசா இருந்துச்சு. மிக்ஸர்லேர்ந்து கொட்டறப்ப வழுவழுன்னு விழுது. தொட்டியில ஒரு நிமிசம் நின்னா விறைச்சுக்குது. ப்ரேபன் மம்பட்டிய விட்டு நாலு கெளறு கெளறுவான், மறுபடி எளகிடும். 'மேஸ்திரி, இது தூங்கித் தூங்கி முழிக்குது, எங்க மாமா சர்ச்சுல உக்காந்த மாதிரி'ன்னான். எல்லாரும் சிரிச்சோம்."

"தண்ணி கம்மியா இருந்திருக்கும்" என்றான் வெர்னர். தட்டைப் பார்த்தபடி சொன்னான்.

"தண்ணி நான் நின்னு அளந்தேன். தண்ணியில தப்பு கிடையாது. தொட்டியில இருந்தா கெளறிடலாம். குழாய்க்குள்ள போய் யாரு கெளறுவா."

ஆஸ்தா குழம்புக் கரண்டியைப் பிடித்திருந்தாள். கிளறினால் இளகுகிறது, நின்றால் இறுகுகிறது. அவள் எழுந்துபோய்க் குழம்புச் சட்டியை அடுப்பு மேல் வைத்தாள். சூடாக இருந்த குழம்பை மறுபடி எதற்குச் சூடு பண்ணுகிறாள் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். ஆலையை விட்டுப் போகிற ஒவ்வொரு நாள் சரக்கிலும் ஒரு தகர டப்பா எடுத்து, மூடியை ஒட்டி, தேதி எழுதி மூன்று மாதம் வைத்திருப்பது வழக்கம். துறைமுகத்துக்குப் போன சரக்கு நாட்களில் ஒன்றை எடுத்தாள். தண்ணீர் தாளில் இருந்த அதே அளவு. இயந்திரம் நின்றது. கை கரண்டியை நோக்கிப் போனது. வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால் கூழை வளையத்தில் தள்ளினாள்.

ஊசி இருபத்து மூன்றில் நின்றுவிட்டது. கூழின் மேல் பாதியைக்கூடத் தாண்டவில்லை.

அதே கூழைக் கிண்ணத்தில் தட்டி ஐந்து சுற்று சுற்றி மறுபடி நிரப்பினாள். ஆறு.

இதற்குப் புத்தகத்தில் பொய் இறுக்கம் என்று பெயர். சிமெண்ட் உடனே இறுகிவிடாமல் இருக்க அதோடு கொஞ்சம் ஜிப்சமும் சேர்த்து அரைப்பார்கள். மில்லுக்குள் சூடு எல்லை மீறினால் ஜிப்சம் கெடும். கெட்ட ஜிப்சம் தண்ணீரைக் கண்டதும் தானாக விறைக்கும், கிளறினால் விட்டுவிடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆலையில் ஒரு ஆளும் ஒரு ஊசியும் இருந்தது. மூன்று வாரமாக அந்த ஆள், கண்டுபிடிக்க வேண்டியதைத் தினமும் காலையில் தன் கையாலேயே கிளறி அழித்துவிட்டு, ஆறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

கிண்ணத்தைக் கழுவினாள். வளையத்துக்கு எண்ணெய் தடவி வைத்தாள். மத்தியானம் ரை ரொட்டியும் ஊறவைத்த ஹெர்ரிங் மீனும் சாப்பிட்டாள். மீனில் புளிப்பு இருந்ததா என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அன்று சாயங்காலம் வெர்னர் வீட்டுக்குப் பின்னால் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டு நாளாகக் கிழக்குக் காற்று. காரின் கூரை மேல் படிந்திருந்த சாம்பல் தோலை வினிகர்த் துணியால் நனைத்து நனைத்து எடுத்தான். ஹோல்கர் மாடியில் இருந்தான்.

"மில்லுல சூடு எவ்வளவு ஓடுச்சு?" என்று கேட்டாள் ஆஸ்தா.

"எப்ப?"

"பிப்ரவரி கடைசிலேர்ந்து."

"நூத்திப் பதினஞ்சு டிகிரி. புத்தகத்துல எழுதியிருக்கேனே."

"எழுதுனத கேக்கல வெர்னர்."

அவன் துணியைப் பக்கெட்டில் முக்கிப் பிழிந்தான். மறுபடி முக்கினான்.

"நூத்தி முப்பத்தஞ்சு. ரெண்டு மூணு நாளு நாப்பது."

"ஏன்?"

"உள்ள தண்ணி தெளிக்கற குழாயோட மூக்கு அடைச்சுக்கிச்சு. போர்மேன்கிட்ட சொன்னேன். சாமான் ஜெர்மனிலேர்ந்து வரணும், மூணு வாரம் ஆகும், அதுவரைக்கும் ஓட்டு, துறைமுகத்துக்குச் சரக்கு போயாகணும்னான். ஓட்டினேன்."

"அப்புறம் எதுக்கு நூத்திப் பதினஞ்சுன்னு எழுதின?"

"அதுக்கு மேல எழுதினா மில்ல நிறுத்தணும், அது விதி. நிறுத்தாதங்கறாங்க, அது உத்தரவு. நீ இருந்தா என்ன எழுதுவ?" அவன் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். "நான் ஒண்ணும் கண்ண மூடிக்கிட்டு ஓட்டல ஆஸ்தா. தினமும் ஷிப்ட்டு முடிஞ்சதும் உங்க ரூம் வாசல்ல தொங்கற தாளப் போய்ப் பாப்பேன். ஆறு. மறுநாளு ஆறு. அதுக்கு மறுநாளும் ஆறு. சூடு ஏறியும் சரக்கு கெடலன்னு நெனச்சேன். வேற யாரு எழுதியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்."

ஆஸ்தா காரின் கண்ணாடியில் இறங்கிய வினிகர்க் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்து சுற்றைப் பற்றி அவனிடம் சொன்னாள். நாலே வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

வெர்னர் காரின் கதவைத் துடைக்கத் தொடங்கினான். அந்தக் கதவை அவன் ஏற்கெனவே துடைத்துவிட்டிருந்தான்.

"இப்ப வாயத் தொறந்தா ரெண்டு பேரு போறோம்" என்றான். "தொறக்கலன்னா ஒருத்தன். எப்படிப் பாத்தாலும் ப்ரேபன் எந்திரிச்சு வரப்போறதில்ல."

"அந்த ஒருத்தன் என் தம்பி."

"தெரியும். அதனாலதான் நானும் அன்னிலேர்ந்து அவன் மூஞ்சியப் பாக்காம சாப்பிட்டுட்டிருக்கேன்."

"நான் என்ன பண்ணணுங்கற?"

"நான் ஒண்ணும் சொல்லல. நீ பண்ணுனா பண்ணு. என்கிட்ட கேட்டு பண்ணாத."

அவள் உள்ளே போனாள். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெர்னர் மேல் வரவில்லை, தன் மேலும் வரவில்லை. உருளைக்கிழங்கைத் தோல் சீவ உட்கார்ந்து, மூன்று பேருக்கு வேண்டியதைவிட இரண்டு மடங்கு சீவிவிட்டாள்.

வியாழக்கிழமை தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். ரவ்ன் என்று பெயர். மெலிந்த மனிதர், நல்ல ஜலதோஷம். டப்பாக்களில் ஒன்றைத் தன் கண் முன்னால் சோதித்துக் காட்ட வேண்டும் என்றார். தோர்சாகர் தயாராக இருந்தார். வேறு யாரையாவது செய்யச் சொல்லுங்கள், மேஸ்திரி என் தம்பி என்று ஆஸ்தா புதன்கிழமையே அவரிடம் சொல்லியிருந்தாள்.

"அதுக்குத்தாம்மா உன்னப் பண்ணச் சொல்றேன்" என்றிருந்தார் தோர்சாகர். "தம்பிக்கு எதிரா வர்ற முடிவ அக்காவே குடுத்தா எவன் சந்தேகப்படப்போறான்."

டப்பாவை ரவ்ன்தான் தேர்ந்தெடுத்தார். விபத்துக்கு இரண்டு நாள் முந்தைய தேதி. ஆஸ்தா எடை பார்த்தாள், தண்ணீரை ஊற்றினாள், இயந்திரத்தை முடுக்கினாள். அந்த மூன்று நிமிடமும் என்ன செய்யப்போகிறோம் என்று அவள் முடிவு எதுவும் எடுக்கவில்லை. எடுத்திருந்தாள் என்று பின்னால் ஊரில் பேசிக்கொண்டார்கள். ஊருக்கு அப்படித்தான் பேச வரும்.

இயந்திரம் நின்றது. அவள் கிண்ணத்தை வழித்தாள். வளையத்தில் நிரப்பினாள், மட்டமாக வழித்தாள், ஊசியைத் தொடவைத்து விட்டாள். ஆறு. எண்ணைப் பார்த்த பிறகுதான் கை ஐந்து சுற்றும் சுற்றி முடித்திருந்தது அவளுக்கு உறைத்தது.

"ஆறு" என்றார் தோர்சாகர், ஆய்வாளர் பார்க்கும்படி ஒதுங்கி நின்று. "தாள்ல இருக்கறதும் ஆறு."

ரவ்ன் குனிந்து பார்த்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அப்ப சிமெண்ட்டப் பத்தி எழுத ஒண்ணும் இல்ல. பம்ப்பத்தான் பாக்கணும். நீங்க இங்க ஒரு கையெழுத்துப் போட்டுடுங்கம்மா."

படிவத்தின் கடைசி வரி அச்சடித்தது. சோதனை விதிப்படி செய்யப்பட்டது. இருபத்திரண்டு வருடமாகத் தினமும் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஒரு நாளும் படித்ததில்லை. இன்று பேனாவைப் பிடித்துக்கொண்டு படித்தாள்.

"இதுல போட முடியாது" என்றாள்.

"ஏன்?"

"விதிப்படி செய்யல. அஞ்சு சுத்து கரண்டியால கிளறிட்டேன். கிளறக் கூடாது."

தோர்சாகர் சிரித்தார். "அஞ்சு சுத்துல என்னம்மா ஆகப்போகுது?"

"மறுபடி பண்றேன். பாருங்க."

இந்தத் தடவை கரண்டியை மேஜையின் மறு கோடியில் வைத்துவிட்டு வந்தாள். இயந்திரம் நின்றதும் கிண்ணத்தைக் கவிழ்த்து நேராக வளையத்தில் தள்ளினாள். ஊசி இருபத்து நாலில் நின்றது. ரவ்ன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே குனிந்து பார்த்தார்.

"தண்ணிய கம்மி பண்ணிட்டா" என்றார் தோர்சாகர். அவர் முகம் சிவந்துவிட்டது. "தம்பிக்காக. மிஸ்டர் ரவ்ன், இவங்க அந்த மேஸ்திரியோட அக்கா, தெரியும்ல?"

"நீங்கதான அவங்க கைய விட்டா ஆளில்லன்னு காலையில சொன்னீங்க" என்றார் ரவ்ன்.

"டப்பால பாதி மிச்சமிருக்கு. தராசு இங்கதான் இருக்கு. நீங்களே பண்ணிப் பாருங்க" என்றாள் ஆஸ்தா.

ரவ்ன் கோட்டைக் கழற்றினார். இதெல்லாம் படித்து இருபது வருடம் ஆயிற்று என்றார். மேஜையெல்லாம் சிமெண்ட் சிந்தி, தண்ணீரை இரண்டு தடவை அளந்து, வளையத்தைத் தாறுமாறாக நிரப்பி ஊசியை விட்டார். இருபத்து மூன்று. அவர் கூழைக் கிண்ணத்தில் தட்டினார், கரண்டியை எடுத்து எண்ணி ஐந்து சுற்று சுற்றினார், மறுபடி விட்டார். ஏழு.

அவர் உட்கார்ந்துகொண்டார். "இந்தத் தாள் எல்லாமே?"

"எல்லாமே கிளறினதுதான்."

"எத்தன வருசமா?"

"தெரியல. ரொம்ப வருசமா. சரக்கு நல்லா இருந்தவரைக்கும் கிளறினாலும் ஒண்ணுதான், கிளறாட்டியும் ஒண்ணுதான்."

"அப்ப இந்த மூணு வாரம் மட்டும் எப்படிக் கெட்டுச்சு?"

அவள் கரண்டியை எடுத்துத் துடைத்தாள். வெர்னரின் பெயரைச் சொல்லத் தேவைப்படவில்லை. ரவ்ன் தோர்சாகரைப் பார்த்து, மில்லின் சூட்டுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். கூடவே அதை ஓட்டுகிறவரையும் என்றார்.

வெர்னர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். கண் புருவமெல்லாம் தூசி. மேஜை மேல் இருந்த மூன்று வளையங்களைப் பார்த்தான், ஆஸ்தாவைப் பார்க்கவில்லை. ரவ்ன் கேட்ட முதல் கேள்விக்கே, "புத்தகத்துல இருக்கறது பொய்யிங்க. நூத்தி முப்பத்தஞ்சு ஓடுச்சு" என்றான். போர்மேன் பெயரை அவன் சொன்னானா என்று ஆஸ்தாவுக்குத் தெரியாது. அதற்குள் அவளை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

அவளை நாலு மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். நாளைக்கு வர வேண்டாம், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். வழியில் யாரைப் பார்த்தாள் என்பது அவளுக்கு நினைவில்லை.

ஹோல்கர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மில், சூடு, ஜிப்சம், தாள், ஐந்து சுற்று. கேஸ் உன் மேல் வராது என்று கடைசியில் சொன்னாள்.

அவன் முகத்தில் ஏதாவது தெரியும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"திரும்பச் சொல்லு" என்றான்.

"கேஸ் உன் மேல வராது."

"அது இல்ல. நீ சுத்தறத சொல்லு."

"கூழ் விறைக்க ஆரம்பிக்கும். நான் சுத்திவிட்டுடுவேன். எளகிடும்."

"எப்படிச் சுத்துவ?"

"எப்படின்னா? கரண்டியாலதான்."

"காட்டு."

"ஹோல்கர்..."

"காட்டுக்கா. பதினாறு நாளா நான்தான் அவனக் கொன்னேன்னு இங்க உக்காந்திருக்கேன். இல்லங்கற. அப்ப எதுன்னு நான் பாக்கணும்."

அடுப்பில் முந்தைய நாள் குழம்பு மிச்சம் இருந்தது. ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. அவள் சட்டியை மேஜைக்குக் கொண்டுவந்தாள். கரண்டியை எடுத்து ஓரத்தை வழித்து, சுற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஐந்து விநாடிகூட ஆகவில்லை. கரண்டியைச் சட்டியின் விளிம்பில் தட்டிவிட்டு வைத்தாள்.

ஹோல்கர் சட்டியைப் பார்த்தான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"ப்ரேபனோட அம்மா கேட்டா நான் இத எப்படிச் சொல்லுவேன்?" என்றான். "நான் கூட்டுன்னு சொன்னேன், அதனால போனான்னா அது ஒரு விசயம். என்னைத் திட்டுவாங்க, நான் கேட்டுப்பேன். இத யாரு நம்புவா?"

ஆஸ்தாவுக்குப் பதினாறு நாளில் முதல் தடவையாக வலித்தது. அவனைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்திருந்தாள். அவன் பிடித்துக்கொண்டு நின்ற ஒன்றைத்தான் பிடுங்கியிருக்கிறாள். அவன் கையைத் தொடலாம் என்று பார்த்தாள். அவன் இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் வைத்திருந்தான்.

ஆறு மணிக்கு வெர்னர் வந்தான். முகம் கழுவி, தலை வாரி, தன் இடத்தில் உட்கார்ந்தான். மில்லிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றான். போர்மேன் நான் ஓட்டச் சொல்லவே இல்லை என்கிறான் என்றான். ஆஸ்தா உருளைக்கிழங்கை வடித்துக் கொண்டுவந்து வைத்தாள். யாரும் எடுக்கவில்லை. ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

ஹோல்கர் கிழங்குக் கிண்ணத்தைத் தூக்கி வெர்னர் பக்கம் நீட்டினான். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுத்ததில்லை.

"எடுத்துக்க. ஆறிடும்."

வெர்னர் இரண்டு கிழங்கு எடுத்துக்கொண்டான். ஹோல்கரும் மூன்று எடுத்துக்கொண்டான். குழம்பை மட்டும் தள்ளி வைத்துவிட்டு வெறுங்கிழங்காக உப்புத் தொட்டுச் சாப்பிட்டான். பசித்தவன் சாப்பிடுவதுபோல் நிதானமாக, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். பிறகு கத்தியையும் முட்கரண்டியையும் தட்டில் ஒன்றாகச் சேர்த்து வைத்தான்.

"நாளைக்கு காலைல படகுல வீட்டுக்குக் கிளம்பறேன்" என்றான்.

இரு என்று சொல்ல அந்த மேஜையில் இரண்டு பேர் இருந்தார்கள். வெர்னர் தண்ணீர்க் குவளையைப் பார்த்தான். ஆஸ்தா வாயைத் திறந்தாள்; படகு எட்டே காலுக்கு என்று சொன்னாள்.